நங்கூரம் இழுத்தவள்

என் கணவருக்கு,

என்னைக் கரையில் விட்டுவிட்டு நம் பாய்மரப் படகோடு ஓடிவிட்டாய். இனி உனக்கு ‘நீங்க’ கிடையாது.

குடிதண்ணீர் கேன்களோடு நான் துறைக்குத் திரும்பியபோது படகு நின்ற இடத்தில் வெறும் கடல்தான் இருந்தது. குழாயடிக்காரர் சிரித்தார்: “என்னம்மா, வீடே சொல்லாம கிளம்பிடுச்சா?”

காற்று இழுத்துப் போயிருக்கும் என்று உன் உயிருக்காகப் பதறினேன். அப்புறம்தான் படிக்கட்டில் என் துணிப்பையைப் பார்த்தேன். மாத்திரைகளைக்கூட மறக்காமல் வைத்திருந்தாய்.

நான்கு வருடமாகக் கரையோரமாய் அந்தப் படகில்தான் நம் குடித்தனம். சமைத்தவள், கிழிந்த பாயைத் தைத்தவள் நான். ஊருக்கெல்லாம் கேப்டன் நீ. ஆனால் நீ சுக்கானைப் பிடிக்க, நான் நங்கூரத்தை இழுத்தால்தான் படகு கிளம்பும். தனியாளாக உன்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

இன்று இழுத்தது யார்? பெயரை எழுது.

இப்படிக்கு,
நேற்றுவரை இழுத்தவள்