கை பழகியது

மொரேனிகேயின் அம்மாவுக்கு,

இகேஜா கடைத்தெருவில் அலைந்து உனக்கு மடிக்கணினி வாங்கிவிட்டேன். கடைசியில் இரண்டு தேறின. ஆப்பிள் காகிதம்போல லேசு. நீ இத்தனை காலம் நாடகம் எழுதிய விண்டோஸ் கொஞ்சம் கனம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடியில் தலையணை வைத்தாலே வலிக்கிறது என்றாயே, அதனால் ஆப்பிளைத்தான் முதலில் எடுத்தேன்.

"விண்டோஸ் கனமாக இருக்கிறது. ஆனால் என் வீட்டுக்காரிக்கு இந்த ஆப்பிள் பழக்கமில்லையே," என்றேன்.

கடைக்காரன் சிரித்தான். "அட, என்ன பாபா! ரெண்டு மாசத்துல கை தானா பழகிடும்."

அதைக் கீழே வைத்துவிட்டு விண்டோஸைக் கட்டச் சொன்னேன்.

"கனமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் பணத்தை எண்ணி நீட்டினேன்.

புதுச் சாமான் வாங்கினால் நம் ஊரில் வாழ்த்துவார்களே, அவனும் வாழ்த்தினான்: "அம்மா நீண்ட ஆயுசோட இதை வச்சு அனுபவிக்கணும்." கடையில் இருந்தவர்கள் எல்லோரும் "ஆமின்" என்றார்கள். நான் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டு எழுதாதே.

சனிக்கிழமை இபாடான் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவருகிறேன். நாடகத்தின் கடைசிக் காட்சியை உடனே தொடங்கிவிடு. நீ தட்டு, கனத்தைக் கீழிருந்து நான் தாங்கிக்கொள்கிறேன்.

உன்
கிழவன்