உள்ளான்கள் வராத கரை

நவம்பர் 3, திங்கள்
தீவிலிருந்து படகில் பட்டர்வொர்த் துறை, பிறகு பஸ். கண் அறுவைச் சிகிச்சையால் போன வருடம் பறவை எண்ணப் போகவில்லை. இன்று கோப்பிலிருந்த கடல்நேர அட்டவணைப்படி, நீர் முழுதாக ஏற இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கரையில் நின்றேன். ஏறும் நீர், சேற்றில் மேயும் உள்ளான் பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இருபது வருடமாக அப்படித்தான். இன்று வெறும் சேறு. நீரும் தொலைவில் நின்றதுபோல் பட்டது. புதுக் கண்ணின் கோளாறாக இருக்கலாம்.

நவம்பர் 4
இன்றும் பூஜ்யம்.

நவம்பர் 5, புதன்
மூன்றாம் நாளும் இல்லை. பிரமிளாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கரையை மண்ணிட்டு நிரப்பும் திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு அவள்தான் கணக்குத் தொகுக்கிறாள். “பறவையே இல்லன்னா அப்புறம் என்ன நஷ்டம்னு கேப்பாங்க அங்கிள். ஆனா உள்ளதத்தானே எழுதணும்.” கணக்கை வெள்ளிக்கிழமை ஒப்படைக்கிறாளாம்.

இங்கே முதல் கப்பல் வருமுன்பே சைபீரியாவிலிருந்து வந்து மேய்ந்த பறவைகள். என் அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்து நூறு வருடம் சொச்சம். அதற்குள் அவற்றை முடித்துவிட்டோமா? சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்
எண்ணும் நாள் இல்லை. இருந்தும் மாலையில் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த சிக்கந்தர் சிரித்தார். “என்னண்ணே, தெனம் கடல் எறங்குற நேரமா பாத்து வரீங்க? உள்ளானெல்லாம் அந்தக் கடைசில, தண்ணி ஓரமா மேயுதுலா. சேத்துல நடந்துபோய் எண்ணுவீங்களா?”

அட்டவணையை நீட்டினேன். அவர் மேல்மூலையில் விரல் வைத்தார். 2023. இரண்டு வருடம் பழையது.

கடவுளே — கண்ணெதிரே இருந்த கடலை விட்டுக் காகிதத்தை நம்பியிருக்கிறேன். பிரமிளாவிடம் எப்படிச் சொல்வது? இருபது வருடக் கணக்கையும் சந்தேகிப்பாளே. எண்ணை அழுத்தினேன், மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். இரண்டு முறை.

நவம்பர் 7, வெள்ளி
காலை எட்டு மணிக்குச் சொல்லிவிட்டேன். “அய்யோ அங்கிள், நீங்க போட்ட பூஜ்யத்துல எனக்கு சோறு எறங்கல. நாலு மணிக்குத்தான் குடுக்கறேன். எண்ணி அனுப்புங்கலா.”

புது அட்டவணை. நண்பகல். நீர் காலருகே வந்தது, அவற்றைத் தள்ளிக்கொண்டு. ஆயிரத்து நானூறு வரை எண்ணியபோது மொத்தக் கூட்டமும் எழும்பி ஒரு சுற்று சுற்றி இறங்கியது. மறுபடி முதலிலிருந்து. ஒன்றுகூட என்னைக் கவனிக்கவில்லை. அது எவ்வளவு நிம்மதி.

1,860. பிரமிளாவுக்கு அனுப்பியாயிற்று. மூன்று பூஜ்யங்களையும் அழிக்கவில்லை. பக்கத்தில் ‘என் தவறு’ என்று எழுதி வைத்தேன்.

படகேறுமுன் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று.