தலைமாடு எந்தச் சேகரம்?

விட்டில்கோம்,
6 மார்ச் 1934

மதிப்புக்குரிய பாஸ்கோ அம்மாவுக்கு,

நலம். உங்கள் இருமல் குறைந்திருக்கும் என நம்புகிறேன். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதிவரும் நம் சேகரத்தின், அதாவது நம் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின், வரலாறு முடியப்போகிறது. இங்கே போர் எதுவும் நடக்கவில்லை, அரசர் யாரும் வரவில்லை. ஆயினும் நானூறு பக்கம் வந்துவிட்டது.

ஒரு சிறு தகவல். 1743ஆம் ஆண்டுப் பத்திரப்படி நமக்கும் டாஸ்லி சேகரத்துக்கும் இடையிலான எல்லை உங்கள் படுக்கையறைக்குள் போகிறது. ஜன்னல் நமது, கட்டில் அவர்களுடையது. உறங்கும் இடமே ஒருவரின் சேகரம் என்பது வழக்கம். ஆகவே நீங்கள் டாஸ்லிக்காரர். வாழ்த்துகள்.

தங்கள்,
ஆம்புரோஸ் ஹார்ன்பி

8 மார்ச்

ஹார்ன்பி ஐயாவுக்கு,

வாழ்த்தைத் திருப்பி அனுப்புகிறேன். நம் கல்லறைத் தோட்டத்தில் நம் சேகரத்தாருக்கு மட்டுமே இடம். என் கணவர் ஜேபஸ் அங்கே ஒன்பது வருடமாகத் தனியாகக் கிடக்கிறார். உயிரோடு இருந்தபோதே நான் இல்லாமல் அவருக்குக் காலுறை அகப்படாது.

போதகரிடம் முறையிட்டேன். "நான் என்னம்மா செய்யறது? ஹார்ன்பி புத்தகத்துல எழுதிட்டாரே" என்கிறார்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆறு முட்டை அனுப்பியிருக்கிறேன். லஞ்சம்தான்.

ஹெஸ்டர் பாஸ்கோ

10 மார்ச்

அம்மா,

முட்டைகள் அருமை. வரியை எடுக்க முடியாது. நானூறு பக்கத்தில் உண்மை என்று சத்தியம் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

ஆனால் பத்திரம் எல்லையைப் பற்றித்தான் பேசுகிறது. கட்டிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. உங்கள் கட்டில் ரொம்ப கனமா?

ஆ. ஹார்ன்பி

8 மே

அன்புள்ள ஹார்ன்பி ஐயாவுக்கு,

இரு சேகரத்தாரும் எல்லைக் கோட்டின் மேலேயே நடந்து அதை உறுதிசெய்யும் எல்லை நடைக்கு நேற்று கால்வலியால் நீங்கள் வராதது நஷ்டம். கோயில் மணியடிப்பவர்கள் நால்வர் போன வாரமே கட்டிலை நகர்த்தினார்கள். அறை சிறியது, ஜன்னல்வரை தள்ளியும் தலைமாடுதான் நம் பக்கம் வந்தது.

எல்லையில் வீடு நின்றால் ஜன்னல் வழியே ஏறி நடக்க வேண்டுமாமே. இரு சேகரத்தாரும் சேற்றுக் காலோடு உள்ளே குதித்தார்கள். நான் கோயிலுக்குப் போடும் தொப்பியோடு கட்டிலில் படுத்திருந்தேன்.

டாஸ்லி கோயில் நிர்வாகி ரட்ஜ் அளந்து பார்த்து, "காலு எங்களுதும்மா" என்றார்.

நம் போதகர், "ஞானஸ்நானம் தலைக்குக் குடுக்கறோமா, காலுக்கா?" என்று கேட்டார்.

ரட்ஜ் அளவுநாடாவைச் சுருட்டினார். "சரி, தலை உங்களுது. எங்க கோடை விழாவுக்குக் காலை மட்டுமாவது அனுப்பி வையுங்க."

ஹெஸ்டர்

10 மே

அம்மா,

388ஆம் பக்கத்தில் 'ஹெஸ்டர் பாஸ்கோ, இச்சேகரத்தவர்' என்று சேர்த்துவிட்டேன். இனி சத்தியம் செய்யக்கூடியவை இரண்டு. குழிவெட்டும் நெட், ஜேபஸுக்கு எந்தப் பக்கம் உங்களுக்கு இடம் குறிக்க வேண்டும் என்று கேட்கிறான்.

ஆ. ஹார்ன்பி

11 மே

ஐயா,

அவசரமில்லை என்று நெட்டிடம் சொல்லுங்கள். இடப்பக்கம். அவருக்கு வலது காது கேட்காது. சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்திருக்கிறது.

ஹெஸ்டர்