உபெர்னவிக்கிலிருந்து கானாக் வரை

இஞ்சாருங்கோ,

உங்கள் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் இருக்கிறேன். எத்தனை முறை தோய்த்தும் தொழிற்சாலைப் பசை மணம் அதிலிருந்து போகவில்லை. பயம் வந்தால் எனக்குக் குளிரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மகள் இப்போது கிறீன்லாந்தில். பல் வைத்தியர் இல்லாத ஊர்களுக்கு மாறி மாறிப் போய்ப் பல் பார்க்கும் வேலை. இன்று உபெர்னவிக் என்ற ஊரிலிருந்து, அதற்கும் வடக்கே இருக்கும் கானாக்குக்குப் பறக்கிறாள். "நாலு மணித்தியாலம் அம்மா, இறங்கினவுடனே போன் எடுக்கிறன்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போனில் போட்டுத் தேடினேன். இடையில் அறுநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். பறக்க இரண்டு மணித்தியாலம்கூட ஆகாதாம். நான் பார்க்கும்போதே அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது.

பிறகு ஏன் நாலு என்றாள்? யோசித்தபோதுதான் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். இது உங்கள் வேலையல்லவா? ஊரில் யுத்த காலத்தில் ஷெல்லடிக்குள் சைக்கிளில் சாமான் வாங்கப் போகும்போதே தொடங்கிய பழக்கம். மத்தியானமே வந்துவிடக்கூடியவர், "பொழுதுபட்டாலும் படும்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். இந்தக் குளிர் நாட்டில் பிராண்டே ஊருக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. பனி கொட்டும் நாளில் ஓல்போர்க் பக்கம் காரை எடுத்தால், திரும்பும் நேரத்தைக் கூட்டித்தான் சொல்வீர்கள். "நீர் பயப்பிடத் தொடங்கமுதல் நான் வந்திடவேணும்" என்பீர்கள். சொன்னதற்கு முந்தியே வந்து கதவடியில் நின்று சிரிப்பீர்கள். எனக்கு எரிச்சலும் வரும், உயிரும் வரும்.

ஒரே ஒரு தரம்தான் அது பலிக்கவில்லை. ஒபரேஷனுக்கு உங்களைக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு போகையில், டொக்டர் சொன்ன நேரத்தை இரட்டிப்பாக்கி எனக்குச் சொன்னீர்கள். அந்த நேரமும் முடிந்தது. நீங்கள் திரும்பி வரவேயில்லை. மகள் என் கையைப் பிடித்தபடி சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து யாராவது நேரம் சொன்னாலே நானும் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

இன்றும் நாலு மணித்தியாலம் முடிந்தது. அவளுடைய போன் வேலை செய்யவில்லை. விமானக் கம்பனிக்கு அடித்தால் பாட்டுத்தான் கேட்டது. கண்ணை மூடினால் வெறும் பனியும் அதற்கு மேலே ஒரு சின்ன விமானமும். மூடவே பயமாயிருந்தது. உங்களைக் கூப்பிட்டேன், வாய்விட்டே கூப்பிட்டேன்.

பிறகு போன் அடித்தது.

"அம்மா, நான் திரும்ப உபெர்னவிக்கிலதான் நிக்கிறன். கானாக்கில ஒரே பனிப்புகார், ஒண்டும் தெரியேல்லை. இறங்க ஏலாமல் மேல சுத்திப்போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திட்டாங்கள்."

அழுதேன். அவளுக்குக் கேட்காமல் அழ எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்குத் திரும்ப ஏறவேணும்" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை, வீட்டை வந்திடு."

"பல்லுக்கொதியோட சின்னப்பிள்ளையள் அங்க என்னைப் பாத்துக்கொண்டிருக்குதுகள் அம்மா."

நாளைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"ஆறு மணித்தியாலம் எண்டு வையுங்கோ."

உண்மையான நேரத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

"ஓம் பிள்ளை. அந்த ஆறு மணித்தியாலமும் நான் பயப்பிட மாட்டன்" என்றேன்.

பொய் என்று அவளுக்கும் தெரியும். நீங்கள் எங்கள் இரண்டு பேருக்கும் விட்டுப்போனது இதுதான்.