நோவின் விபரம்

மருதமுனை
14.10.1979

அன்புத் தம்பி ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பீக்கிங் போய்ச் சேர்ந்த சேதி கண்டு மனம் ஆறியது. முதல் வருஷம் பாஷை, பிறகுதான் ஊசி வைத்தியம் என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, பத்து வருஷம் பொறுத்த இடுப்பு இன்னும் கொஞ்சம் பொறுக்கும்.

கல்முனையில் டாக்குத்தர் நல்லரெத்தினம் படம் பிடித்துப் பார்த்தார். முள்ளந்தண்டில் நரம்பு நெரிபடுகிறதாம். கண்டிக்குப் போய் ஒப்பரேஷன் செய்யச் சொல்கிறார். உன் மச்சான், "வா புள்ள, நான் கூட்டிப் போறன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நான்தான், "என்ட தம்பி ஊசியோட வருவான், கத்தி வேணாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே?

தறி மிதிக்க மிதிக்க இடது கால் உளைகிறது. அங்கே பச்சை மிளகாய் கிடைக்கிறதா?

உன் ராத்தா
சபியா

*

பீக்கிங்
3.12.1979

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சொன்னது சரிதான். கத்தி வேண்டவே வேண்டாம். தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் ஊசி குத்தியபின் நடந்து போவதை என் கண்ணால் கண்டேன். மச்சானைச் சமாளியுங்கள். நான் வந்து குத்துகிறேன்.

காய்ந்த மிளகாய்தான் கிடைக்கிறது.

ஜவுபர்

*

பீக்கிங்
20.2.1981

அன்புள்ள ராத்தாவுக்கு,

நான் சுகம். இனி எழுதும்போது உங்கள் நோவை விபரமாக எழுதுங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே போய் நிற்கிறது, எதைப் போல இருக்கிறது, எல்லாம் வேண்டும். டாக்குத்தர்மாரின் பேச்சு வேண்டாம், உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை.

படிப்பு நன்றாகப் போகிறது.

ஜவுபர்

*

மருதமுனை
2.4.1981

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நோகுதா என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். எப்படி நோகுது என்று கேட்டவன் நீ ஒருவன்தான். கடிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன்.

விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது இடுப்பில் நண்டு கடித்துப் பிடித்தது போல இருக்கும். தறியில் இருந்து அரை முழம் நெய்வதற்குள் தொடைக்கு இறங்கிவிடும். மத்தியானம் லுஹர் நேரம் பாதத்தில் நிற்கும், வெயிலில் காய்ந்த கடற்கரை மணலை மிதிப்பது போல. சுஜூதில் நெற்றி வைத்தால் எழும்ப முடியாமல் இப்போது கதிரையில் இருந்து தொழுகிறேன். எல்லா நோவிலும் பெரிய நோ அதுதான்.

இதை உன் வைத்தியர்களிடம் காட்டு. அவர்கள் சொல்வதை எழுது. மச்சான் திரும்பவும் கண்டி என்றார். உன் கடிதத்தைக் காட்டி வாயை அடைத்துவிட்டேன்.

உன் ராத்தா
சபியா

*

பீக்கிங்
10.1.1983

அன்புள்ள ராத்தாவுக்கு,

இதை இரண்டு வருஷம் முன்பே எழுதியிருக்க வேண்டும். நான் வைத்தியம் படிக்கவில்லை.

பாஷை படித்த வருஷத்தில் பழைய சீனக் கதைகளில் விழுந்தவன் எழும்பவேயில்லை. படிப்பை மாற்றிக்கொண்டேன். ஒரு கதையில் நாடோடி வைத்தியன் ஒருவன் மருந்து கொடுக்குமுன் நோயாளிப் பெண்ணிடம் அவள் நோவை நாள் நாளாகக் கேட்டு எழுதுகிறான். அந்தக் கதைகளில் மனிதர்கள் நோவை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு.

நீங்கள் விபரம் எழுதிய பதினாலு கடிதங்களையும் எந்த வைத்தியரும் பார்க்கவில்லை. நான் அவற்றைச் சீனத்தில் பெயர்த்து அந்தப் பெண்ணின் சொற்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பேராசிரியர் மெச்சினார். உண்மையைச் சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்தேன். இதைவிடக் கேவலமான பயம் இல்லை.

ஆய்வு முடிந்துவிட்டது. முன்பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து உடனே கண்டிக்குப் போங்கள். கேட்கக் கூசுகிறது, இப்போது நோ எப்படி இருக்கிறது?

ஜவுபர்

*

மருதமுனை
5.3.1983

தம்பி ஜவுபருக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. "ஜவுபர் என்னவாம்?" என்று மச்சான் கேட்டார். "சோதனை பாஸாம்" என்றேன். சந்தோஷப்பட்டார்.

என் பேச்சைக் கேளாமல் அவர் மார்கழியிலேயே என்னைக் கண்டிக்குக் கூட்டிப் போனார். மூன்று வருஷம் முந்தி வந்திருந்தால் செய்திருக்கலாம், நரம்பு செத்துவிட்டது என்றார்கள். உனக்குச் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை, மனம் உடைந்து போவாய் என்று நினைத்தேன். தறியை விற்றுவிட்டோம்.

நீ கதை படிக்கப் போனதில் எனக்குக் கோபமில்லை. உன் கதைப் பைத்தியம் தெரியாதா எனக்கு? ஒரு வரி எழுதியிருந்தால் சிரித்துவிட்டு மச்சானோடு பஸ் ஏறியிருப்பேன். நோவைச் சும்மா கேட்டிருந்தாலும் தந்திருப்பேன் தம்பி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

முன்பக்கத்தில் இருக்கும் என் பெயரை எடுத்துவிடு.

இப்போது எப்படி என்று கேட்டிருக்கிறாய். இடது காலில் நோ இல்லை. உணர்வும் இல்லை. செருப்புக் கழன்றாலும் தெரிவதில்லை, பின்னால் வருகிறவர்கள்தான் எடுத்துத் தருகிறார்கள். அதனால் உனக்கு எழுத என்னிடம் இனி ஒன்றுமில்லை.

அல்லாஹ் உன்னைச் சுகமாக வைக்கட்டும்.

சபியா