மேடையில் சொல்லாத பெயர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
அக்டோபர் 1990

அன்பு மகன் குணாளனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்டால் அது வேறு கதை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கார்டிஃபில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போன தடவை நீ இருமிக்கொண்டே போனில் பேசினாய் என்று உன் அம்மா இன்றுவரை என்னிடம் சண்டை போடுகிறாள், ஏதோ நான்தான் உன்னை மழையில் நிற்க வைத்த மாதிரி. மிளகு ரசப்பொடி அனுப்பப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே தேர்தல் காய்ச்சல், தம்பி. விளக்குக் கம்பம், மரம், பஸ் ஸ்டாப் ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றிலும் கொடி. இத்தனை வருஷமாக வேலை செய்யாமல் கிடந்த நம்ம பிளாட் லிஃப்ட் போன வாரத்திலிருந்து ஓடுகிறது, அதற்காகவாவது மாதம் ஒரு தேர்தல் வைக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். ஆனால் இந்தத் தடவை முன்போல இல்லை. எதிர்ப்பக்கம் எல்லாரும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள், மாறினால்தான் என்ன என்று ஜனங்கள் வாய்விட்டுக் கேட்கிறார்கள். காப்பிக்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட கிழவர்கள் இப்போது ரெண்டு மேசையாக உட்காருகிறார்கள், முடிவெட்டும் கடைக்காரர் அரசியல் பேசக்கூடாது என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட்டு அவரே முதலில் ஆரம்பிக்கிறார். அறுபத்தொன்பது தேர்தலுக்குப் பிறகு நடந்த கலவரத்தைக் கண்ணால் பார்த்தவன், ஆகையால் நான் எப்போதும் ஆளுகிற பக்கம்தான் என்று உனக்கே தெரியும். உன் அக்கா யாருக்குப் போடுவாள் என்று நான் கேட்டதில்லை. உன் அம்மா இந்த மண்ணிலேயே பிறந்தும் இன்னும் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைதான், அவளுக்கு ஓட்டே கிடையாது. ஆனால் வீட்டிலேயே அவள்தான் அதிகமாகப் பேசுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ வேறு யார் வாயிலிருந்தும் இதைக் கேட்கக்கூடாது. ஒரு தமிழ்ப் பேப்பரில் என் போட்டோவே வந்துவிட்டது, யாராவது வெட்டி உனக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். நடந்தது இதுதான். நம்ம கட்சிக் கிளைத் தலைவர் நாகையா ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்து, தொகுதியில் நிற்கப் போகிறவர் நம்ம மண்டபத்தில் தேர்தல் செராமா கூட்டத்தில் பேச வருகிறார், சார்தான் வரவேற்புரை சொல்ல வேண்டும், சார் மாதிரி தமிழ் யாருக்கு வரும் என்று கேட்டார். உன் அப்பனுக்கு அது போதாதா, உச்சி குளிர்ந்துவிட்டது. செந்தூல் ரயில்வே பட்டறை ஸ்டோரில் முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுத்தவனை ஒருத்தன் மேடைக்குக் கூப்பிடுகிறான் என்றால் எப்படி இருக்கும். குளியலறையில் நின்று பேசிப் பேசிப் பார்த்தேன். அக்கா என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக்கொடுத்தாள்.

கூட்டம் நிறைய. என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, ரோஜா மாலை போட்டார்கள், எனக்குப் போட்டதைவிட வந்தவருக்குப் போட்டது பெரிசு, அதில் குறை சொல்ல முடியாது. நான் எழுதிக்கொண்டு போனதை நன்றாகவே பேசினேன், கைதட்டினார்கள், அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு வாலிபன் எழுந்து, “அண்ணே, எல்லாம் சரி, நம்ம பிள்ளைங்களுக்கு யுனிவர்சிட்டியில எடம் எங்க? அதச் சொல்லுங்க மொதல்ல” என்று சத்தம் போட்டான். ரெண்டு மூன்று பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். நாகையா முகத்தில் ஈயாடவில்லை, வந்தவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மைக் என் கையில் இருந்தது. எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியவில்லை, “எடம் எங்கன்னா கேக்குற? நானே சாட்சி! என் மகன் இன்னிக்கு லண்டன்ல என்ஜினியர். கட்சி கை கொடுக்கலன்னா அவன் இங்க பட்டறையில கரி தொடச்சிக்கிட்டு இருப்பான்!” என்று முழங்கிவிட்டேன். மண்டபமே அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை என் பிறப்பிலேயே நான் வாங்கியதில்லை, தம்பி.

கார்டிஃபை லண்டன் என்றதை விடு, அது சின்னப் பொய். கட்சி நமக்குக் கை கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டது அவர்கள் தப்பும் இல்லை, நான் யாரிடமும் போய்க் கேட்கவே இல்லை, கேட்டால் மரியாதை போய்விடும் என்று இருந்துவிட்டேன். உன்னைப் படிக்க வைத்தது அம்மா கழுத்தில் கிடந்ததும் அக்காவும்தான். ஐந்தாம் பாரத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தி, சுங்கைவேயில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போய், கண்ணை இடுக்கி இடுக்கிக் கம்பி ஒட்டி, ஷிஃப்ட்டுக்கு மேல் ஓவர்டைம் பார்த்து அவள்தான் உன்னை ஏற்றி அனுப்பினாள். உன் பெயர் பல்கலைக்கழகப் பட்டியலில் வரவில்லை என்று தெரிந்த அன்றைக்கு, நம்ம பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்று அடுப்படியில் நின்று கத்தியவன் நான். அந்த வாலிபன் கேட்டது என்னுடைய கேள்வி. அதையே கேட்டதற்குத்தான் நான் அவன் வாயை அடைத்தேன்.

அக்கா வேலை விட்டு நேராகத் தொழிற்சாலை கோட்டோடு வந்து வாசல் பக்கம் நின்றிருந்ததை மேடையிலிருந்து இறங்கும்போதுதான் பார்த்தேன். மாலையை வாங்கிக்கொண்டாள், சாப்பிட்டீங்களா அப்பா என்றாள், அவ்வளவுதான். அம்மாதான் தட்டை நங்கென்று வைத்து, “வெக்கமா இல்ல ஒங்களுக்கு” என்றாள். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பேப்பரில் படம் வந்ததும் ரெண்டு பிரதி வாங்கினேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

வெட்கம் வீரம்மா ரூபத்தில் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், ரயில்வே குவார்ட்டர்ஸில் நமக்கு அடுத்த வீடு, நீ பள்ளிக்கூடம் போகும்போது கூப்பிட்டு இட்லி கொடுப்பாளே, அவள்தான். புருஷன் போன பிறகு செந்தூல் பிளாட்டில் இருக்கிறாள், ஆபீஸ்களில் கூட்டித் துடைக்கிற வேலை. அவள் மகள் வாசுகி எஸ்.டி.பி.எம். பரீட்சை நல்லபடியாகப் பாஸ் பண்ணியும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை, கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீரம்மா ஆப்பிள் பழத்தோடும் மகள் சர்ட்டிபிகேட்டோடும் வந்தாள். பேப்பரில் சாரைப் பார்த்தோம், குணா தம்பிக்குச் செய்த மாதிரி வாசுகிக்கும் கட்சியில் சொல்லி யுனிவர்சிட்டி வாங்கிக்கொடுங்கள் என்றாள். நான் சிரித்து வைத்தேன். அதற்குள் அவள், “அந்த நர்ஸ் வேலைக்கு வரலன்னு போன் போட்டு சொல்லிட்டோம் சார். பெரிய படிப்பே கெடைக்கும்போது அது எதுக்கு” என்றாள்.

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் சாயம் அங்கேயே வெளுத்திருக்கும், என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானாவது சொன்னேனா என்றால் இல்லை. பார்க்கலாம் வீரம்மா, பேசிப் பார்க்கிறேன் என்றேன். மேடையில் சொன்னதையாவது வேகத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம், இதை நிதானமாக உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த பழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அக்கா வெளியே வந்து, இது அந்தப் பெண்ணின் வாழ்க்கை, அப்பா என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் செந்தூலுக்குப் போனேன். கதவைத் திறந்த வாசுகி நல்ல செய்தி என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. மேடையில் சொன்னது பொய், எங்களுக்கு யாரும் உதவவில்லை, என்னால் ஒருத்தருக்கும் இடம் வாங்கிக் கொடுக்க முடியாது, ஆஸ்பத்திரியை விட்டுவிடாதே என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வீரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. “அப்புறம் எதுக்கு சார் ஒங்களுக்கு மாலை போட்டாங்க?” என்று கேட்டாள். வாசுகி அழுவாள் என்று பயந்தேன், அவள் அழவில்லை. உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்து, “அங்கிள், நீங்களும் வாங்க. ஏன் வரலன்னு சொன்னோம்னு நீங்களே சொல்லுங்க” என்றாள்.

மூன்று பேரும் பஸ் ஏறிக் கிள்ளான் போனோம். பயிற்சிக்குப் பொறுப்பான சிஸ்டர் ஒரு சீனப் பெண்மணி, என் வயதில் பாதிகூட இருக்காது. அவர் முன்னால் நின்று என் ரயில்வே இங்கிலீஷில், நான் சொன்ன பொய்யை நம்பித்தான் இந்தப் பெண் வரவில்லை என்று சொன்னாள், தவறு அவளுடையது இல்லை என்று சொன்னேன். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று, யாராவது பாதியில் நின்றால் கூப்பிடுகிறோம் என்று பெயரைக் குறித்துக்கொண்டு மரியாதையாக அனுப்பிவிட்டார். திரும்பும்போது வீரம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, “ஒங்க மேல கோவம் இல்ல சார். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பிட்டேன், அவ்ளோதான்” என்றாள். திட்டியிருந்தால் மனசில் இருக்கிற பாரத்தை இறக்கி வைத்திருப்பேன், தம்பி. இன்றுவரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வாசுகி இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

நாகையா கடைசிக் கூட்டத்துக்கும் என்னைப் பேசக் கூப்பிட வந்தார். பேசுகிறேன், ஆனால் அன்றைக்குச் சொன்னது பொய் என்று பேசுவேன் என்றேன். அவர் சிரித்து, “விடுங்க லா சார், எலெக்ஷன் டைம்ல யாரு இதெல்லாம் பாக்குறா” என்றார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பொன்னாடையைக் கையில் கொடுத்தேன், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார், இந்நேரம் வேறு ஒருத்தர் தோளில் ஏறியிருக்கும். மேடை இல்லாவிட்டால் என்ன என்று காப்பிக்கடைக்குப் போய் ரெண்டு மேசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். ஒரு மேசை என்னைத் துரோகி என்றது, இன்னொரு மேசை கைதட்டியது, எனக்கு ரெண்டுமே பிடிக்கவில்லை. அந்தக் கைதட்டலும் எனக்காக இல்லை. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முதல் தடவையாகத் தெரியாமல் இருக்கிறேன். யார் வந்தாலும் அந்த வாலிபன் கேட்டதற்கு ஒரு நேர்மையான பதில் வேண்டும், வாசுகிக்கு அடுத்து வரும் பெண்ணாவது இப்படி என்னைப் போன்ற கிழவனை நம்பி நிற்கக்கூடாது, என் ஆசை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், இந்த வீட்டில் நான் செய்யாத வேலை அது. அன்றைக்கு நான் அப்படிப் பொய் சொல்லியிருக்கக்கூடாது தனம் என்றேன். அவள் என் சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள், “பொய் சொன்னது கூடப் போவட்டும்ப்பா. அவ்ளோ பேரு முன்னால ஒங்க கையில மைக் இருந்திச்சி. ஒரே ஒரு தடவ எம் பேர சொல்லியிருக்கலாம்.” சொல்லிவிட்டு அடுத்த துணிக்குக் கையை நீட்டினாள். என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை, குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். பதினைந்து வருஷமாக அவள் உழைப்பில் சாப்பிட்டிருக்கிறேன், அவளுக்கு இப்படி ஒரு ஆசை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்தில் வாயை விடாதே, உன் அப்பனைப் பார்த்துப் பழகிவிடாதே. நல்ல பெயரோடு நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம், பத்துமலை முருகன் உனக்குத் துணை இருப்பான். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம். நீ போன நாளிலிருந்து வந்த கடிதம் எல்லாம் என் பெயருக்குத்தான் வந்தன, நான் பிரித்துப் படித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தேன். இனி உறையின் மேல் அக்கா பெயரை எழுது, செல்வி ச. தனலெட்சுமி என்று முழுசாக எழுது. தபால்காரன் கீழே நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும், நாலு வீட்டுக்கும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
தனலெட்சுமிக்கும் உனக்கும் அப்பா,
மு. சபாபதி