கண்ட்ரோல் எலிக்குப் பூசிய தழை

அம்மணி,

இன்றைக்குக் காலையில் பெர்ன்ஹில் இறக்கத்தில், தச்சுப்பட்டறை வாசலில் மரத்தூள் மழையில் ஊறிக் கிடந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நம் காலேஜ் எலி ரூம் வாடை. கூண்டுக்குக் கூண்டு நான் கொட்டிப் பரப்பிய மரத்தூள். நீ போய்ச் சேர்ந்த சேதி வந்து இரண்டு மாசம் ஆகிறது. அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு நடுரோட்டில் வந்தது. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன், பிழையைப் பார்க்காதே.

நீ கோபிப் பக்கமிருந்து ஆராய்ச்சி செய்ய வந்தவள். நான் எலிக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிற ஆயா. மற்றவர்கள் என்னை "ஏய்" என்பார்கள். யார் யார் என்று இன்றும் வரிசையாகப் பெயர் சொல்வேன். நீ மட்டும் "அக்கா" என்றாய். கூண்டுக் கதவு விழுந்து என் மணிக்கட்டு வீங்கியபோது, நான் வைத்துக் கட்டியிருந்ததைப் பார்த்து, "என்ன இலைங்க்கா இது?" என்று கேட்டாய். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கால் வீங்கினால் என் அம்மா அரைத்துப் போடும் தழை. எங்களுக்கு அது வீக்கத்தழை. நீ அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரைக் கண்டுபிடித்து, சாறு இறக்கி, எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்றாய். என் அம்மாவின் தழை காலேஜுக்குள் வந்துவிட்டது என்று எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் எலிக்கு மருந்து. பிறகு பின்னங்காலில், வீங்க வைக்கிற ஊசி. மணிக்கொரு தரம் அந்தக் காலைப் பாதரசக் குழாயில் முக்கி வீக்கத்தை அளப்பாய். அடையாளத்துக்குத் தலையில் மஞ்சள் பூசினது தழைச்சாறு எலி, முதுகில் பூசினது இங்கிலீஷ் மருந்து எலி. வாலில் பூசினது எது என்று கேட்டேன்.

"அது கண்ட்ரோலுங்க்கா. அதுக்கு வெறும் தண்ணிதான்."

எனக்குத் தெரிந்த கண்ட்ரோல் ஒன்றே ஒன்றுதான், ரேஷன் அரிசி போடுகிற கண்ட்ரோல் கடை. பையோடு மழையில் நிற்பேன்; என் முறை வரும்போது "ஸ்டாக் இல்ல, போம்மா" என்பான் அந்தக் கடைக்காரன். அவன் செத்த பிறகும் அவனைத் திட்டுவதை நான் விடவில்லை. இங்கேயும் மருந்து பத்தாமல் இந்த எலிகளை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதுகளுக்கும்தானே கால் வீங்குகிறது? நீ டீ குடிக்கப் போன நேரம், தழையைக் கசக்கி வால் மஞ்சள் எலிகளின் காலில் பூசினேன். நீ வருமுன் துடைத்துவிட்டேன்.

மூன்று தடவை நீ செய்து பார்த்தாய். மூன்று தடவையும் நான் பூசினேன்.

உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு சார், நீ அளவு எழுதிய நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி குடிச்ச எலிக்கும் வடியுது, தழை குடிச்ச எலிக்கும் வடியுது. மாட்டுக்குப் போடற புல்லாம்மா இது? வேற செடி பாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "நடுவுல யாராவது எலியைத் தொட்டாங்களா?" என்றார்.

நீ என் கையைப் பார்த்தாய். நகக்கண்ணெல்லாம் பச்சை. "அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றாய்.

ஒண்ணும் தெரியாதாம்! அந்தச் சொல்லை வருசக்கணக்கில் வைத்திருந்தேன். நீ ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு, சென்னைக்கு மாத்திரைக் கம்பெனி வேலைக்குக் கிளம்பியபோது வாசல் வரைகூட வரவில்லை.

கண்ட்ரோல் எலி எதற்கென்று உனக்குப் பின்னால் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண்தான் விளக்கினாள். "ஒத்துப் பாக்கறதுக்குத்தான் ஆயா, அதை மருந்தில்லாம விடறது." கையில் வாளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் பூசியதால்தான் அந்த எலிகளுக்கு வடிந்ததா? அப்படியென்றால் அம்மாவின் தழை நல்ல தழை, உன் படிப்பைக் கெடுத்தவள் நான். தானாக வடிந்ததா? அப்படியென்றால் நான் எதையும் கெடுக்கவில்லை, ஆனால் அம்மா அரைத்ததெல்லாம் புல். இரண்டில் எதை நம்பினாலும் குத்துகிறது. நீ சொன்ன அந்தச் சொல்லும் அப்படித்தான். என்னை மட்டமாகச் சொன்னாயா, பச்சை நகத்தைப் பார்த்துவிட்டு என் வேலையைக் காப்பாற்றினாயா? ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். முதலில் கோபம் விடவில்லை, பிறகு பயம் விடவில்லை.

உன் சேதி வந்த வாரம் குளிரில் எனக்கு இரண்டு முட்டியும் வீங்கின. இனிக் கேட்க ஆளில்லை, நானே பார்த்துவிடுவோம் என்று வலது முட்டிக்கு மட்டும் தழை அரைத்துப் போட்டேன். இடது முட்டி கண்ட்ரோல். பேத்தியை நூல் வைத்து இரண்டையும் அளக்கச் சொன்னேன்.

"என்ன அம்மிச்சி, பைத்தியமா? மிச்சத்தை அதுக்கும் பூச வேண்டியதுதானே?"

"வாயை மூடிட்டு அளடி."

ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் சாயங்காலம் இடது முட்டி வலியில் தெறித்தது. கிண்ணத்தில் கொஞ்சம் தழை மீந்திருந்தது. பூசிவிட்டேன், அம்மணி. இரண்டும் ஒரே நாளில் வடிந்தன.